22 காத்தோட வன்னிக் காட்டுக்க ஒரு இரவாம்!

ஒட்டுக்கடை:
நேற்று இங்க ஒருத்தர் பந்தி பந்தியா எழுதியிருந்தார். மாங்குளத்தில வெளிக்கிட்டு ஒட்டுசுட்டான் வழியா முத்தையன்கட்டுக் குளம், தனி ஆளா, மவுண்டன் சைக்கிளில. இரவு காட்டுக்க ரென்ற் அடிச்சுப் படுக்கை. எல்லாம் வாசிக்க நல்லாத்தான் இருந்தது. கடைசி வரியில "ரயருக்கு 22 பிஎஸ்ஐ தாராளம்" எண்டு காத்தழுத்தக் கணக்குச் சொல்லி முடிச்சிருக்கிறார். 22! மாட்டு வண்டிக்குச் சொல்லியிருந்தால் பறவாயில்லை, அதுக்குக் காத்தே தேவையில்லை.

டார்ட்மூர்_தம்பி:
எழுதினது நான்தான் அண்ணை. 22 கண்ணை மூடிச் சொன்ன கணக்கில்லை. இங்கிலாந்தின்ர டார்ட்மூர் மேட்டு நிலத்தில கருங்கல்லும் பஞ்சு மாதிரி ஊறின கறுப்புச் சேறும் மாறி மாறி வரும். காத்துக் குறைஞ்சால் ரயர் அகண்டு நிலத்தைப் பிடிக்கும். வன்னியில மணல் ஒழுங்கைக்க 35ஓட போய்ப் பாருங்கோ, முன் சில்லு புதைஞ்சு ஆள் கைபிடிக்கு மேலால போவார். பௌதிகம் எல்லா நாட்டிலயும் ஒண்டுதான்.

ஒட்டுக்கடை:
பௌதிகம் ஒண்டுதான் தம்பி, முள்ளு வேற. நெருஞ்சிக் காயைக் கையில எடுத்துப் பார்த்திருக்கிறீரோ? காஞ்சால் ஐஞ்சு துண்டாப் பிரியும். ஒவ்வொரு துண்டிலயும் இரண்டு நீள முள். எப்பிடி விழுந்தாலும் ஒரு முள் வானத்தைப் பார்த்துத்தான் நிக்கும். மாரி முடிஞ்சு நிலம் காயத் தொடங்கின பிறகு றோட்டோரம் முழுக்க அதுதான். காத்துக் குறைச்சு ரயரை அகட்டினால் அவ்வளவுக்கு அவ்வளவு கூட முள்ளைப் பொறுக்கி எடுக்கும். மேல சாமான் 15 கிலோ. 22ஓட கிரவல் றோட்டுப் பள்ளத்தில விழுந்தால் றிம் ரியூப்பைக் கடிச்சு, பக்கத்துப் பக்கத்தில இரண்டு ஓட்டை விழும். உங்கட ஆக்கள் அதைப் பாம்புக்கடி எண்டுறவை. முன்னுக்கு 28, பின்னுக்கு 32. அதுக்குக் குறையக் கூடாது.

மல்லாவி_மருமகள்:
ஒரு சின்னக் கேள்வி. என்ன அகல ரயருக்குக் கதைக்கிறியள்? 2.1 அங்குலமோ, 2.4 அங்குலமோ? ரியூப் உள்ளதோ, ரியூப்லெஸ்ஸோ? அது தெரியாமல் 22, 32 எண்டு எண் சொல்லிப் பிரயோசனம் இல்லையே.

டார்ட்மூர்_தம்பி:
ஒட்டுக்கடை அண்ணை இன்னும் ரியூப் காலத்திலயே நிக்கிறார். ரியூப்லெஸ் ரயருக்க 100, 120 மில்லிலீட்டர் அடைப்புத் திரவம் ஊத்தினால் நெருஞ்சி குத்தினாலும் பால் கசிஞ்சு தானே அடைக்கும். முள்ளைப் பிடுங்கவே தேவையில்லை, அதுவே மூடி மாதிரி நிக்கும். கடிக்க ரியூப்பே இல்லாத இடத்தில பாம்புக்கடி எங்க இருந்து வரும்? 22 காணும்.

ஒட்டுக்கடை:
வந்திட்டார் பால்காரர். சரி, கேளும்.

உந்தப் பால் இங்கிலாந்துக் குளிருக்கு நாலு ஐஞ்சு மாதம் கிடக்கும். இங்கத்தை வெயிலுக்கு இரண்டு, மூண்டு மாதத்தில ரயருக்க தோலா உரியும். வெளிக்கிட முதல் வால்வைக் கழட்டி ஈர்க்கை விட்டுப் பார்க்கவேணும். ஈர்க்கு நனையாட்டில் உள்ளுக்க பால் இல்லை.

இரண்டாவது, 22ஓட சாமான் ஏத்தி வளைவில சாய்ச்சால் ரயர் விளிம்பு றிம்மை விட்டு விலகிக் காத்தை உமிழும். முழுக்கக் கழண்டால் கைப்பம்பால ஏத்தேலாது, ஒரேயடியா காத்து வேணும். லொறி ரயர் கடைக் கொம்பிறஸரைத் தேடிப் போனாலும் அவங்கட வாய் கார் வால்வுக்குச் செய்தது. உம்மட மெல்லிசு வால்வுக்குப் பித்தளை அடப்டர் இல்லாட்டில் கடைக்காரன் உம்மையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்ப்பான்.

மூண்டாவதுதான் பெரிசு. வேற வழியில்லாமல் உள்ளுக்க ரியூப் போடுவீர்தானே? பால் அடைச்ச ஓட்டை எல்லாத்திலயும் முள்ளு இன்னும் இருக்கும். இருபது முள் எண்டால் இருபதும் புது ரியூப்பைப் பார்த்துக்கொண்டு நிக்கும். ரயரை உட்பக்கம் முழுக்கத் துணியால தடவி, ஒவ்வொண்டாக் குறட்டால பிடுங்கவேணும். வெறுங்கையால தடவினால் விரல் போகும். அதுவும் இருட்டில, நெத்தி ரோர்ச்சோட. 22 எண்டு எழுத முதல் இதை எழுதியிருக்கலாம்.

குளக்கட்டு:
பாம்புக்கடி எண்டு கண்டுதான் வந்தன், இங்க ரியூப் கதை நடக்குது. உண்மையான பாம்பைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடயில்லை. எட்டடி விரியன் கடிக்கிறது பெரும்பாலும் இரவில, நிலத்தில படுத்திருக்கிற ஆக்களைத்தான். கடிச்ச இடம் நோகாது, வீங்காது, விடிய இமை தூக்கேலாமல் போகும். அடித்துணி சேர்த்துத் தைச்ச ரென்ற் வேணும், சிப்பை முழுக்க இழுக்கவேணும். சப்பாத்தையும் உள்ளுக்க வையுங்கோ.

டார்ட்மூர்_தம்பி:
அதனாலதான் தொங்கு படுக்கை நல்லம். இரண்டு பாலை மரத்துக்கு நடுவில கட்டினால் விரியனும் இல்லை, எறும்பும் இல்லை.

குளக்கட்டு:
பாலை மரமோ! பழம் பழுக்கிற காலத்தில அந்த மரத்துக்கு ஆர் ஏறி வாறது தெரியுமோ? கரடி. அதின்ர சாப்பாட்டு மேசைக்குக் கீழ ஊஞ்சல் கட்டச் சொல்லுறீர்.

ஒட்டுக்கடை:
உதை விடுங்கோ. 22க்குப் பதில் எங்க?

டார்ட்மூர்_தம்பி:
மணலில 28ஓட ஒருக்கா உருட்டிப் பாருங்கோ, அதுதான் பதில். இடம் பிடிக்கிறதும் பெரிய வேலையில்லை. டார்ட்மூரில றோட்டில இருந்து 100 மீட்டராவது தள்ளி, ஆர் கண்ணிலயும் படாமல் அடிக்கிறது வழக்கம். அங்க அது உரிமை, 2025 மே மாதம் பிரித்தானிய உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

முறிகண்டியான்:
தம்பி, அந்த வழக்கை முழுக்க வாசிக்கவும். டார்ட்மூருக்கான 1985ஆம் ஆண்டுச் சட்டம் பொதுநிலத்தில் நடந்தும் குதிரையிலும் போகிறவர்களுக்குத்தான் உரிமை தருகிறது. கூடாரம் அதற்குள் அடங்கும் என்பதுதான் தீர்ப்பு. சைக்கிள் என்ற சொல் அந்த வாசகத்தில் இல்லை. உங்கள் உரிமை, நீங்கள் சைக்கிளை விட்டு இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது.

டார்ட்மூர்_தம்பி:
நீங்கள் முந்தியும் எனக்கு எழுத்துப்பிழை பார்த்த ஆள்தானே. வாங்கோ, வாங்கோ.

குளக்கட்டு:
நீதிமன்றம் கிடக்கட்டும். "100 மீட்டர் தள்ளி" எண்டதை முதல் அழியும். அதை நம்பி ஆராவது வன்னிப் பத்தைக்க இறங்கினால் ஆர் பொறுப்பு? மிதிவெடிக்கு அடையாளமா மண்டையோட்டுப் பலகையும் சிவப்புத் தலை வைச்ச கட்டைகளும் இருக்கிற இடத்தில ஒரு அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாட்டிலும் ஆள், மாடு, உழவு மெசின் போய் வாற தடத்தை விடக் கூடாது. வெள்ளத்தோட மிதிவெடி இடம் மாறும், போன வருசம் மாடு மேய்ஞ்ச இடம் எண்டு இந்த வருசம் நம்பேலாது. சந்தேகமா ஏதும் கண்டால் அப்பிடியே நிண்டு, வந்த சில்லுத் தடத்திலயே திரும்பவேணும். ஒளிச்சுப் படுக்கிறது இங்க கெட்டித்தனம் இல்லை. வயல்காரரைக் கேட்டு அவையின்ர காவல் கொட்டிலுக்குப் பக்கத்தில படுக்கிறதுதான் முறை. வன இலாகாக் காட்டுக்க எண்டால் அனுமதி வேணும்.

மல்லாவி_மருமகள்:
குளக்கட்டில அடிக்கலாமோ? காத்து வரும், மேடு, கண்ணுக்கும் குளிர்ச்சி.

குளக்கட்டு:
என்ர பேரை வைச்சுக் கேக்கிறியள், ஆனாலும் வேண்டாம். கோடையில பொழுதுபட யானை தண்ணிக்கு வாற வழி அதுதான். யானை லத்தி ஈரமா இருந்தால் அந்த இடத்தை விட்டு எழும்புங்கோ. அரிசி, உப்பு, பழம் ஒண்டும் ரென்ற்றுக்க வைக்க வேண்டாம், மணத்துக்கு வந்து கிழிக்கும். பொழுதுபட முதல் சமைச்சு முடிச்சு, படுக்க வேற இடம் பாருங்கோ.

ஒட்டுக்கடை:
யானையும் கரடியும் வந்து போட்டுது, 22 இன்னும் அப்பிடியே நிக்குது. கணக்கு ஒண்டு தாறன். மத்தியானம் 36 பாகை வெயிலில 22 வைச்ச ரயர், விடிய 24 பாகைக்கு 20.6க்கு வந்து நிக்கும். ஓட்டையே வேண்டாம், குளிர் காணும். அதோட மாங்குளத்தில இருந்து ஒட்டுசுட்டானுக்குக் கறுப்புத் தார் றோட்டு. 20 காத்தோட தாரில உழக்கினால் களிமண்ணுக்க நடக்கிற மாதிரி இருக்கும்.

டார்ட்மூர்_தம்பி:
உங்கட கணக்கின்படியே விடிய 22 வைச்சால் மத்தியானம் 23.5க்கு ஏறுமே! அதைச் சொல்ல மறந்திட்டியளோ, மறைச்சியளோ? விடிய வையுங்கோ எண்டுதான் நான் சொல்லவந்தன்.

ஒட்டுக்கடை:
நீர் "விடிய" எண்டு எங்க எழுதினீர்? "22 தாராளம்" எண்டுதான் கிடக்குது. இப்ப மாத்தி எழுதினால் ஆக்களுக்குத் தெரியாதோ? ஒட்டுப் போடவாவது தெரியுமோ உமக்கு? மண்கடுதாசியால ஒட்டை விட ஒரு விரல் கூட அகலத்துக்கு உரஞ்சி, சொலுசனை மெல்லிசாப் பூசி, பளபளப்புப் போய் மங்கும் வரைக்கும் விடவேணும், பகலில ஐஞ்சு நிமிசம், பனி இறங்கின இரவில பத்துக்கும் மேல. ஈரத்தோட ஒட்டை அமத்தினால் அரைக் கிலோமீட்டரில கழண்டு வரும். அவசரப்படுற ஆக்கள் எல்லாரும் விடுற பிழை அதுதான்.

முறிகண்டியான்:
"சொலுசன்" அல்ல, "சொல்யூசன்".

ஒட்டுக்கடை:
நீங்கள் ஒட்டு ஒட்டேக்க அப்பிடியே சொல்லுங்கோ ஐயா, கூட இறுகப் பிடிக்கும்.

மல்லாவி_மருமகள்:
நான் கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லயில்லை. என்ன அகல ரயர்? 22 முன் சில்லுக்கோ, பின் சில்லுக்கோ?

டார்ட்மூர்_தம்பி:
இரண்டுக்கும்.

ஒட்டுக்கடை:
இரண்டுக்குமாம்! சாமான் முழுக்கப் பின்னுக்கு. இரண்டுக்குமாம்!!