யூகேக்குப் புதிதாக வந்த மலையகப் பிள்ளைகளுக்கு: முதலில் யூனியனில் சேருங்கள், படிப்புக்காகவும்தான்

யூகேயிலிருந்து லீவில் பொகவந்தலாவைக்கு, இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு, வந்திருக்கிறேன். நேற்று மாலை அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்திருந்தார். அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்துக் காம்பரா (லயன் வீட்டு) அக்கா மகனோடு வந்தார். அவருடைய மகள் இப்போதுதான் புருஷனிடம் யூகே போய்ச் சேர்ந்திருக்கிறாள். "அவ அங்க மொதல்ல என்ன செய்யணும்னு சொல்லு பிள்ள" என்றார். பேங்க் கணக்கு, டாக்டரிடம் பதிவது, குளிருக்கு உடுப்பு இதையெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். நான், "வேலை கிடைச்ச உடனே யூனியன்ல சேரச் சொல்லுங்க அக்கா" என்றேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. "அங்கயும் சந்தா வெட்டுவாங்களா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அம்மாவின் சம்பளத் துண்டில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சந்தா ஒரு வரியாக வருகிறது. நமக்கு யூனியன் என்றால் சம்பளப் பேச்சுவார்த்தை, மே தினம், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டால் தலைவரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துத் துரையிடம் போவது. படிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நம்முடைய ஆரம்பத்தைப் பாருங்கள். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய நடேசய்யர் ஒரு பத்திரிகைக்காரர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டத்துக்குக் கூட்டம் பாட்டுப் பாடித்தான் சனங்களுக்கு விஷயத்தைக் கொண்டுபோனார். நமக்கு யூனியன் வந்ததே எழுத்தோடும் பாட்டோடும்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் வேல்ஸில், சுவான்சியில், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். சேர்ந்த முதல் வாரம், இரவுச் சாப்பாட்டு நேரம். ஒரு வயதான அம்மா தட்டைத் தள்ளிவிட்டார். இரண்டு கரண்டிதான் உள்ளே போயிருந்தது, அதையும் விழுங்கக் கஷ்டப்பட்டார், இடது கன்னத்துக்குள் உணவு அப்படியே தங்கியிருந்தது. எல்லாவற்றையும் நான் பார்த்தேன். தமிழில் கேட்டிருந்தால் ஒரு பக்கம் சொல்லியிருப்பேன். டேப்லட்டில் எழுத வேண்டிய இடத்தில் 'நோ டின்னர்' என்று இரண்டு சொல் எழுதிவிட்டுப் போனேன். காலையில் நர்ஸ் கூப்பிட்டுக் கேட்டார்: அவருக்குச் சாப்பிட மனமில்லையா, விழுங்க முடியவில்லையா? மனமில்லை என்றால் அது ஒரு விஷயம், விழுங்க முடியவில்லை என்றால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டிய விஷயம். கண்ணால் பார்த்தது எனக்குள்ளேயே நின்றுவிட்டது. அன்று துணி துவைக்கிற அறையில் நின்று அழுதேன்.

அங்கேதான் சமையலறையில் வேலை செய்யும் ஒரு வெல்ஷ் அம்மா என்னைப் பார்த்தார். அவர் எங்கள் யூனியனின் கற்றல் பிரதிநிதி. அங்கே 'யூனியன் லேர்னிங் ரெப்' என்பார்கள். கூட வேலை செய்கிற ஆட்களில் ஒருவரே யூனியன் பயிற்சி எடுத்துக்கொண்டு, யாருக்கு என்ன படிக்க வேண்டும் என்று விசாரித்து, வகுப்பைத் தேடிக் கொடுத்து, மேனேஜரிடம் நேரமும் கேட்டுக் கொடுப்பார். மாவு ஒட்டின கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஃபாரத்தை எடுத்தார். "உனக்கு என்ன படிக்க ஆசை?" என்று கேட்டார். தோட்டப் பாடசாலையில் தொடங்கி ஓ.எல். (பத்தாம் பதினோராம் வகுப்புப் பரீட்சை) வரைக்கும் படித்திருக்கிறேன். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

வாரம் ஒரு மாலை, வேலை இடத்திலேயே ஆங்கிலம் எழுதும் வகுப்பு கிடைத்தது. காசு நான் கட்டவில்லை. வேல்ஸ் அரசு 1999இலிருந்து தொழிற்சங்கங்களின் கற்றல் வேலைக்கென்று ஒரு நிதி வைத்திருக்கிறது, அதிலிருந்து வந்தது. நாங்கள் படித்தது இலக்கணம் இல்லை. மறுத்தார், முடியவில்லை, வலிக்கிறது என்றார், வலிப்பதுபோல் இருந்தார் என்பதையெல்லாம் வேறு வேறாக எழுதப் படித்தோம். இப்போது என் குறிப்பை வாசித்துவிட்டு டாக்டர் முடிவெடுக்கிறார்.

இந்தப் பிரதிநிதி ஏதோ நல்ல மனசுக்காரர், அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் 2002ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. முதலாளி அங்கீகரித்த யூனியன் என்றால், இந்த வேலைக்காக அவருக்கு நியாயமான அளவு சம்பளத்தோடு நேரம் கொடுக்கவேண்டும். உறுப்பினர் அவரைப் போய்ப் பார்க்கவும் நேரம் கேட்கலாம், ஆனால் அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொன்று, 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் 26 வாரம் முடித்திருந்தால், வேலைக்குப் பயன்படும் படிப்புக்கு நேரம் வேண்டும் என்று எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர்கள் மறுக்கலாம். ஆனால் காரணம் சொல்லியாக வேண்டும்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள், நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். நான் முதலில் வேலை செய்த வேறொரு இடத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். இரண்டு வருடத்துக்குள் விலகினால் 'பயிற்சிச் செலவு' என்று ஒரு பெரிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டுமாம். பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விலகும்போது யூனியன் அதிகாரி என்னென்ன பயிற்சி, எதற்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்டுக் கடிதம் எழுதினார். வேலையில் சேரும் எல்லோருக்கும் கட்டாயமாகக் கொடுக்கிற ஆரம்பப் பயிற்சியைக்கூட அதில் சேர்த்திருந்தார்கள். கடைசியில் அந்தத் தொகையைக் கைவிட்டார்கள். அதனால் எந்தப் பயிற்சித் தாளையும் யூனியனிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேலைக்காகக் கட்டாயம் செய்யச் சொல்லும் பயிற்சி நேரம் வேலை நேரம்தான், அதற்குக் குறைந்தபட்ச ஊதியமாவது வர வேண்டும். ஷிப்ட் முடிந்து இரவில் வீட்டில் இருந்து செய்யச் சொன்ன ஆன்லைன் பயிற்சியையும் தேதி, நேரம் போட்டுக் குறித்து வையுங்கள்.

முன்பு என்னிடம் எழுதிக் கேட்டிருந்தவர்களுக்கு:

விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று கேட்ட தம்பிக்கு: வராது. யூனியனில் சேர்வது சட்டப்படியான உரிமை, அதற்காக வேலையை விட்டு நிறுத்துவது சட்டவிரோதம். நீங்கள் உறுப்பினர் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டியதும் இல்லை. பயமாக இருந்தால் சந்தாவைச் சம்பளத்தில் வெட்ட விடாமல் பேங்க் கணக்கிலிருந்து கட்டுங்கள். ஆனால் பிரச்சினை வந்த பிறகு சேரலாம் என்று இருக்காதீர்கள். சேர்வதற்கு முன்னால் தொடங்கிய பிரச்சினையை யூனியன்கள் வழக்கமாக எடுப்பதில்லை.

இங்கிலாந்தில் இருக்கும் அக்காவுக்கு: அங்கே நிலைமை கொஞ்சம் வேறு. 1998இல் தொடங்கிய யூனியன் கற்றல் நிதியை அரசு 2021 மார்ச்சோடு நிறுத்திவிட்டது. அது எனக்கு இன்னும் கோபம்தான், ஏனென்றால் அதனால் அதிகம் பயனடைந்தவர்கள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். ஆனாலும் பிரதிநிதியின் சட்ட உரிமை அப்படியே இருக்கிறது, யூனியன்களின் சொந்த வகுப்புகளும் நடக்கின்றன. அரசுக் காசில் நடக்கும் வகுப்புகளில் பலவற்றுக்கு இத்தனை வருடம் நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். யூனியனின் சொந்த வகுப்புக்குப் பொதுவாக உறுப்பினராக இருந்தால் போதும்.

நாற்பது தாண்டிவிட்டது, இனி என்ன படிப்பு என்று எழுதிய அக்காவுக்கு: யூனிசன் யூனியன், 1903இல் தொடங்கிய தொழிலாளர் கல்விச் சங்கத்தோடு சேர்ந்து 'ரிட்டர்ன் டு லேர்ன்' என்று ஒரு வகுப்பு நடத்துகிறது. பல வருடம் பேனா பிடிக்காதவர்களுக்காகவே உண்டானது. பரீட்சை இல்லை. உங்கள் சொந்த அனுபவத்தை எழுதுவதில் தொடங்குவார்கள். அக்கா, பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க விடிய ஆறு மணிக்கு நின்றதை எழுதுங்கள், பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு இடத்தில்) பிள்ளையை விட்டுவிட்டு மலை ஏறியதை எழுதுங்கள். அவர்களுக்கு அது புதுசு, உங்களுக்கு அத்துப்படி.

எந்த யூனியன்? ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்றால் யூனிசன் அல்லது ஜிஎம்பி. கிடங்கு, தொழிற்சாலை என்றால் ஜிஎம்பி, யுனைட். கடை என்றால் அஸ்டோ (USDAW). வேலை இடத்தில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதில் சேருவதுதான் புத்தி. யூனிசனில் சந்தா சம்பளத்தைப் பொறுத்தது, குறைந்த சம்பளத்துக்குக் குறைந்த சந்தா.

இன்னும் ஊரில் இருப்பவர்களுக்கு: பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை யூகே 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது. அந்த விசா எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பக்கத்துக் காம்பரா அக்காவின் மகன் நேற்று கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. அவர்கள் எழும்பும்போதுதான் கேட்டேன். அட்டனில் ஒரு பேக்கரியில் ஆறு வருடமாக வேலை, மாவு பிசைவதிலிருந்து அடுப்பு வரைக்கும் எல்லாம் அவன்தான், கையில் ஒரு சான்றிதழ் கிடையாது. செய்த வேலையையே ஆதாரமாக வைத்து மதிப்பிட்டு என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை நம் நாட்டிலேயே இருக்கிறது என்றேன். அவனுக்குத் தெரியாது, அவன் முதலாளிக்கும் தெரியாதாம். வேலை செய்ததற்கு ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை காலை பஸ்ஸில் இரண்டு பேரும் நுவரெலியாவுக்குப் போய் நைட்டா (அரசின் தொழிற்பயிற்சி அதிகார சபை) அலுவலகத்தில் விசாரிக்கப் போகிறோம்.