மாடலும் சிமுலேஷனும்: ஒரு பாடநூல் கைப்பிரதியை முன்வைத்து

அன்புள்ள குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கணினி சிமுலேஷன் பாடநூலின் தமிழ் மொழிபெயர்ப்புக் கைப்பிரதியைப் படித்துக் கருத்துக் கூறும்படி கேட்டிருந்தீர்கள். ஒன்று எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு வடிவம், அதாவது மாடல், அமைத்து, அதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் சிமுலேஷன். படித்து முடித்துவிட்டேன். இன்றைய நிலையில் அச்சுக்கு அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. நடை சரளமாக இருக்கிறது. இடறுவதெல்லாம் கலைச்சொற்களில்தான். மூன்றாம் அத்தியாயத்தின் பயிற்சி ஒன்று இப்படித் தொடங்குகிறது:

"மேற்கண்ட மாதிரியை உருவகப்படுத்தி, அதிலிருந்து நூறு மாதிரிகள் எடுத்து, மாதிரியின் மாதிரிச் சராசரியைக் காண்க."

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் இந்த வரியைக் காட்டினேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். எங்கள் உற்பத்தி வரிசையில் எந்த இயந்திரத்தின் முன் மின்சுற்றுப் பலகைகள் தேங்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவருடைய அன்றாட வேலை. நிதானமாகப் படித்துவிட்டு, "இது எந்த மாதிரி மாதிரி, அண்ணே?" என்று கேட்டார். துறையில் ஊறியவருக்கே இந்தக் கதி என்றால், புதிதாகப் படிக்கும் மாணவர் என்ன செய்வார்?

மாடலுக்கும் மாதிரி, புள்ளியியலில் வரும் சாம்பிளுக்கும் மாதிரி என்று எழுதுவது மற்றப் பாடங்களில் எப்படியோ ஒப்பேறிவிடும். இந்தப் பாடத்தில் முடியாது. ஒன்றை ஓட்டித்தான் மற்றொன்றைப் பெறுகிறோம் என்பதால் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தே தீரும். மருத்துவமனையில் இரத்த மாதிரி, சந்தையில் அரிசி மாதிரி என்று அந்தச் சொல் சாம்பிளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கேயே இருக்கட்டும். மாடலுக்குத்தான் நாம் வேறு சொல் தேட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மாடல் அமைப்பதையும் அதை ஓட்டிப் பார்ப்பதையும் கைப்பிரதி 'உருவகப்படுத்துதல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. அதனால் பாடத்தின் அடிப்படையே கலங்கிப்போகிறது. எப்படி என்பதற்கு சோறும் குழம்பும் விற்கும் நம்மூர் நாசி கண்டார் கடை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பரிமாறுபவர் ஒருவர். வாடிக்கையாளர்கள் சராசரியாக 3 நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார்கள். ஒருவருக்குச் சோறும் குழம்பும் போட்டுக் கொடுக்கச் சராசரியாக 2 நிமிடம் ஆகிறது. இரண்டு நேரங்களும் அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றுகின்றன, அதாவது குறுகியவை அதிகம், நெடியவை அரிது. இவ்வளவுதான் மாடல். தாளில் நான்கு வரி. அதில் கடிகாரம் கிடையாது, யாரும் வரிசையில் நிற்பதும் கிடையாது.

இந்த மாடலை ஓட்டிப் பார்க்கவே தேவையில்லை. காத்திருப்பைக் கணிக்கும் வரிசைக் கோட்பாட்டின் சூத்திரமே விடை தந்துவிடும். ஒருவர் காத்திருக்கும் சராசரி நேரம் 4 நிமிடம், பரிமாறும் நேரத்தையும் சேர்த்தால் 6 நிமிடம். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி வருகை வீதத்தை இந்த 6 நிமிடத்தால் பெருக்கினால், கடையில் எந்நேரமும் சராசரியாக 2 பேர் இருப்பார்கள். பரிமாறுபவர் சற்றுச் சுணங்கி 2 நிமிடம் இரண்டரை ஆகிவிட்டால், காத்திருப்பு 4இலிருந்து 12.5 நிமிடமாகத் தாவுகிறது. அரை நிமிடத் தாமதம் வரிசையை மூன்று மடங்குக்கு மேல் நீட்டிவிடுகிறது. மாணவரை நிமிர்ந்து உட்கார வைக்கும் இந்தச் செய்தி நூலில் ஓரிடத்திலும் இல்லை.

சூத்திரம் எப்போது கைவிடுகிறது? வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நாற்பது பேர் ஒன்றாக வரும்போது. சோறு போட ஒருவர், குழம்பு ஊற்ற ஒருவர், பணம் வாங்க ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும்போது. வரிசை நீளத்தைப் பார்த்துச் சிலர் திரும்பிப் போகும்போது. அப்போதுதான் கணினிக்குள் ஒரு கடிகாரத்தை வைத்து, வருகை, புறப்பாடு என்று நிகழ்வு நிகழ்வாக மாடலை ஓட்டுகிறோம். அந்த ஓட்டம்தான் சிமுலேஷன். ஆக, ஓட்டாமலே பயன்படும் மாடல்கள் உண்டு. மாடல் இல்லாமல் ஓட்டம் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இதை மாணவருக்கு எந்த மொழியில் விளக்குவது?

இதுவரை இங்கே முன்மொழிந்த சொற்களைப் பார்க்கிறேன். 'உருவகப்படுத்துதல்' தமிழ்நாட்டில் பரவலாக வழங்குகிறது. ஆனால் உருவகம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு முகமதியும் பாதமலரும்தான் நினைவுக்கு வரும். ஒன்றை மற்றொன்றாகவே கூறுவது உருவகம். இங்கே நாம் ஒன்றைப் போல மற்றொன்றை நடக்க வைக்கிறோம். 'பாவனை' அழகான சொல்தான். இலங்கைத் தமிழர்க்குப் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் நுகர்வோர். 'கணினிப் பாவனை' என்ற தலைப்பை யாழ்ப்பாணத்தில் ஒருவர் படித்தால், கணினியைத் திறந்து மூடக் கற்றுத்தரும் நூல் என்று எண்ணி வைத்துவிடுவார். 'போலச்செய்தல்' பொருளளவில் நெருங்கி வருகிறது. ஆனால் அதிலிருந்து சிமுலேட்டருக்குச் சொல் ஆக்கப் பார்த்தால் 'போலி'யில் போய் முட்டும். விமானி 'போலி'யில் பயிற்சி பெற்றார் என்று எழுத முடியுமா? 'ஒத்திகை' என்று எழுதியவரின் காது நல்ல காது. எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு. ஆனால் ஒத்திகைக்குப் பின் அரங்கேற்றம் ஒன்று இருக்க வேண்டும். நாம் ஆயிரம் முறை ஓட்டிவிட்டு, கடையே திறக்க வேண்டாம் என்ற முடிவுக்கும் வரலாம்.

என் முன்மொழிவு இது. மாடலுக்கு 'ஒப்புரு'. சிமுலேஷனுக்கு 'ஒப்பியக்கம்'. ஒப்பு என்னும் அடி இரண்டிலும் இருப்பதால் உறவு தெரிகிறது. ஒன்று உரு, மற்றது இயக்கம் என்பதால் வேறுபாடும் தெரிகிறது. வினை வேண்டுமா? ஒப்பியக்கு, ஒப்பியக்கினோம். கருவி வேண்டுமா? ஒப்பியக்கி. அந்தப் பயிற்சியை இனி இப்படி எழுதலாம்: "மேற்கண்ட ஒப்புருவை நூறு முறை ஒப்பியக்கி, கிடைக்கும் நூறு மாதிரிகளின் சராசரியைக் காண்க." தம்பியிடம் இதையும் காட்டினேன். கேள்வி கேட்காமல் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார்.

அடுத்து எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததைக் குறிக்கும் 'ராண்டம்' என்பதற்குக் கைப்பிரதி தமிழ்நாட்டுப் பாடநூல்களின் வழியில் 'சமவாய்ப்பு' என்று எழுதுகிறது. பகடைக்கும் நாணயத்துக்கும் அது சரி. நம் கடையின் வருகை இடைவெளிகளில் குறுகியவை அதிகம், நெடியவை அரிது. எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு இல்லை. அதைப் போய்ச் 'சமவாய்ப்பு மாறி' என்றால் சொல்லே மாணவருக்குப் பொய் சொல்கிறது. இலங்கையில் வழங்கும் 'எழுமாற்று' இந்த வம்பு இல்லாதது. அதையே எடுத்துக்கொள்வோம்.

எழுமாற்று எண்களைக் கொண்டு பல முறை ஓட்டி விடை காணும் 'மாண்டி கார்லோ முறை' கைப்பிரதியில் 'சூதாட்ட முறை' ஆகியிருக்கிறது. மாண்டி கார்லோ சூதாட்டத்துக்குப் பேர்போன ஊர். மொழிபெயர்ப்பாளரின் ஊக்கத்தைப் பாராட்டினாலும் இதை விட முடியாது. கணித அறிஞர் ஸ்டானிஸ்லாவ் உலாம் 1946இல் நோயிலிருந்து தேறிவந்த நாள்களில் தனியாகச் சீட்டு ஆடினார். ஆட்டம் கைகூடும் வாய்ப்பைக் கணக்கிட்டு மாய்வதைவிட, பல முறை ஆடி எண்ணிப் பார்த்தால் என்ன என்று யோசித்தார். ஜான் வான் நாய்மன் அதைக் கணினிக்குக் கொண்டுபோனார். பெயர் வைத்தவர் நிக்கலஸ் மெட்ரோபொலிஸ். உலாமும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1949இல் வெளிவந்தது. ஊர்ப்பெயரை ஊர்ப்பெயராகவே விடுவதுதான் முறை. இல்லையென்றால் நாளை யாராவது நம் எதிர்க்கரை ஊரான 'பட்டர்வொர்த்'தையும் மொழிபெயர்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

இனி மூலநூலின் குறைகள். இவற்றுக்கு மொழிபெயர்ப்பாளர் பொறுப்பல்ல. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு கடையை இருபது வாடிக்கையாளர்களுக்கு ஒரே ஒரு முறை ஓட்டி, வந்த எண்ணை விடை என்று கட்டம் கட்டியிருக்கிறார்கள். கடை திறக்கும்போது வரிசை காலி, முதல் வாடிக்கையாளர் காத்திருப்பதே இல்லை. அவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது கீழே இழுபடத்தான் செய்யும். தொடக்கக் காலத்தைத் தள்ளிவிட்டு, நீண்ட ஓட்டங்களாகப் பல முறை ஓட்டி, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் கூற வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டத்துக்குள் இருப்பது தற்செயலாக வந்த ஓர் எண், அவ்வளவே.

நிரலைச் சோதிப்பதையும் ஒப்புருவை உலகத்தோடு பொருத்திப் பார்ப்பதையும் 'சரிபார்த்தல்' என்று ஒன்றாக்கியிருக்கிறார்கள். எழுதியது சரியாக ஓடுகிறதா என்பது முதல் கேள்வி. ஓடுவது உண்மையான கடையைப் போல இருக்கிறதா என்பது இரண்டாவது. முதலாவதுக்குச் சரிபார்ப்பு இருக்கட்டும். இரண்டாவதுக்கு 'மெய்ப்பொருத்தம்' என்று எழுதலாமா? பிழையே இல்லாத நிரல் ஒன்று, இல்லாத கடையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவதை நான் தொழிற்சாலையில் பார்த்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகளும் மாற வேண்டும். ஓடுபாதையில் பனி அள்ளும் வண்டிகளைக் கண்டு நம் மாணவர் என்ன செய்வார்? பினாங்குக் கொடிமலை இருக்கிறது. 1923இல் ஓடத் தொடங்கிய பழைய மலை ரயிலில் நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். ஆகவே தொடராக இரண்டு வரிசைகள். 2011இல் வந்த ரயில் அடிவாரத்திலிருந்து நேரே உச்சிக்குப் போகிறது. ஒரே வரிசை, ஆனால் ஆள்களைக் கூட்டமாக ஏற்றும் வரிசை. இரண்டையும் ஒப்பியக்கிப் பார்க்கச் சொன்னால் மாணவர் ஒரு பருவம் முழுக்க அதிலேயே மூழ்கிக்கிடப்பார்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.
பினாங்கிலிருந்து

* * *

வணக்கம் ஐயா.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலிருந்து எழுதுகிறேன். எழுமாற்றுக்கு என் முழு ஆதரவு. மெய்ப்பொருத்தமும் நன்றாக இருக்கிறது. 'ஒப்புரு'வில்தான் எனக்குத் தயக்கம். குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 'ஒப்புருவை' என்று நீங்கள் எழுதினால் 'ஒப்புரவை' என்று யாராவது திருத்தி வைப்பார்கள். மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்று. மலாயில் சிமுலேஷனுக்கு 'பெஞெலாக்குவான்' என்று ஒரு சொல்லை ஆக்கி, பல்கலைக்கழகங்களில் பாடமும் நடத்தினார்கள். இன்று எங்கே பார்த்தாலும் 'சிமுலாசி'தான். நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் அந்தச் சொல்லோடுதான் வளர்கிறார்கள். நாமும் 'சிமுலேஷன்' என்றே எழுதிவிட்டால் என்ன?

* * *

வணக்கம் அக்கா.

ஒப்புரவு பற்றிய எச்சரிக்கை சரிதான். ஆனால் ஊருக்கு உதவும் பண்பும் வரிசைக் கணக்கும் ஒரே பக்கத்தில் சந்திக்கப் போவதில்லை. நூல் முழுவதற்கும் ஒரு சொற்பட்டியலை உங்களைப் போன்றவர் கையில் கொடுத்துவிட்டால் மெய்ப்பிலும் தப்பாது. அந்தப் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

சிமுலாசி வென்றது உண்மை. ஆனால் மலாயில் அதற்கு முன்னொட்டும் பின்னொட்டும் சேர்த்தால் வினை தயார். தமிழில் 'சிமுலேஷன் செய்து', 'சிமுலேஷன் செய்யப்பட்ட', 'சிமுலேஷன் செய்யும் கருவி' என்று ஒவ்வொரு முறையும் ஒரு செய்யைக் கட்டி இழுக்க வேண்டியிருக்கிறது. முந்நூறு பக்கத்தில் எத்தனை செய்! அத்தியாயத் தலைப்பில் சிமுலேஷன் என்பதையும் சேர்த்துப் போடுவோம். மாணவர் அடையாளம் கண்டுகொள்ளட்டும். உள்ளே ஒப்பியக்கம் ஓடட்டும். பிடிக்காவிட்டால் இரண்டாம் பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

முந்தைய கடிதத்தில் பின்னிணைப்பைப் பற்றி எழுதவில்லை. அங்கே எழுமாற்று எண்களை ஆக்க ஒரு நிரல் இருக்கிறது: முந்தைய எண்ணை 65539ஆல் பெருக்கி, 2இன் 31ஆம் அடுக்கால் வகுத்து, மீதியை எடு என்கிறது. இது 1960களில் ஐபிஎம் கணினிகளில் ஓடிய 'ராண்டு'. துறையில் பேர்போன கோளாறு. 1இல் தொடங்கினால் அடுத்தது 65539, அதற்கடுத்தது 393225. இரண்டாவதை 6ஆல் பெருக்கி, முதலாவதின் 9 மடங்கைக் கழித்துப் பாருங்கள். மூன்றாவது அப்படியே வரும். எண்கள் பெருகி வரம்பைத் தாண்டும்போது அதே வகுத்தலைச் செய்து மீதியை எடுத்தால் போதும், எங்கே தொடங்கினாலும் இந்த உறவு மாறாது. இந்த வகை எண்ணாக்கிகள் தரும் புள்ளிகள் தளங்களில்தான் விழும் என்பதை ஜார்ஜ் மார்சாலியா 1968இல் காட்டினார். ராண்டுவின் எண்களை மும்மூன்றாக எடுத்து முப்பரிமாண வெளியில் புள்ளிகளாகக் குறித்தால் எல்லாம் 15 தளங்களுக்குள் அடங்கிவிடும். இதை எழுமாற்று என்று அச்சிட்டால் நம் சொல்லுக்குத்தான் கெட்ட பெயர்.

அந்த நிரலை நீக்கிவிட்டு, மேலே சொன்ன கழித்தலை மாணவருக்குப் பயிற்சியாகப் போடச் சொல்லி மொழிபெயர்ப்பாளருக்கு எழுதுகிறேன். மூன்றாம், ஐந்தாம் அத்தியாயங்களைப் புதிய சொற்களோடு நானே திருத்தி அனுப்புகிறேன். ஒரு கணினியை இன்னொரு கணினியாகவே நடந்துகொள்ள வைக்கும் எமுலேஷனுக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.