கைவிட்ட வயலைத் திரும்பச் சதுப்பாக்க: குளம் வெட்டலாமா?

வயல்கரை: வணக்கம். கொழும்புக்கு அருகே அத்திடியப் பக்கம் எங்கள் சங்கத்தின் பொறுப்பில் ஒன்றரை ஏக்கர் கைவிட்ட வயல். நடுவால் 100 மீற்றர் நீளம், 3 அடி ஆழத்தில் ஒரு வடிகான். தை, மாசியில் நிலம் வெடிக்கிறது. பாதி இடம் வெல்ஆத்த மரம் (சதுப்பில் பரவும் அந்நியச் சீத்தா இனம்). இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி திரும்ப வரவேண்டும். குளம் வெட்டி மீன் விடலாமா?

கோரைக்கிழங்கு: குளமும் வேண்டாம், மீனும் வேண்டாம். நிலத்தைக் காயவைப்பது கான்தான், அதை அடையுங்கள். ஒரே பெரிய அணையாகக் கட்டினால் முதல் பெருமழையிலேயே ஓரத்தால் அரித்துப் போகும். மட்டம் பார்த்து, 8 அங்குலம் இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அடைப்பு. 2 அடிச் சரிவுக்கு மூன்று போதும். இரு கரைக்குள்ளும் 3 அடி, அடியில் 1 அடி வெட்டி இறக்குங்கள். கரையில் குவிந்து காய்ந்த கறுப்பு மக்கு மண் கூடாது, வெடிப்பால் ஒழுகும். கிரவலும் அப்படித்தான். அடியில் இருக்கும் சாம்பல் களியை ஈரமாகவே போட்டு, அரையடிக்கு ஒருமுறை மிதித்து இறுக்குங்கள். அமர்ந்துபோகும் என்பதால் தரையை விட 1 அடி உயரம். மேலதிக நீர் அடைப்பின் மேலால் பாயாமல் பக்கத்துப் புல்தரையால் பரவிப் போக வழி விடுங்கள். பங்குனிக்குள் முடித்தால் நல்லது.

நீர்க்காகம்: அதற்கு முன் இரண்டு விஷயம். அடைத்த நீர் மேற்பக்க வீட்டு முற்றத்துக்கு ஏறுமா என்று பாருங்கள். வயற்காணி என்பதால் கமநல சேவை நிலையத்திலும், தாழ்நிலம் என்பதால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திலும் கேளுங்கள். 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரப் பட்டம் கிடைத்ததால் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது!
அடுத்தது புளிப்பு. காய்ந்த சதுப்பு மண்ணில் முதல் மழைக்கு அமிலம் கழுவி வரும், பிஎச் (அமிலத்தைக் காட்டும் அளவு) 4.5க்குக் கீழ் போனால் மீன் தாங்காது. தண்ணீரில் எண்ணெய் மாதிரிப் படலம் கண்டால் குச்சியால் குத்துங்கள். கண்ணாடித் துண்டாக உடைந்தால் இரும்புப் பக்டீரியா, திரும்ப ஒட்டினால்தான் எண்ணெய்.

தாழம்பூ: வெல்ஆத்தவை ஒரேயடியாக வெட்டாதீர்கள். நிழல் போனதும் சல்வீனியா என்ற மிதக்கும் களை நீரை மூடிவிடும். கொக்குக் கூடு, கொடுப்புலியின் (மீன்பிடிப் பூனை) மறைவிடம் எல்லாம் போகும். வருடத்துக்குக் கால்பங்கு, கூடு இல்லாத காலத்தில். கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள். கட்டை துளிர்க்கும், திரும்பத் திரும்ப முறிக்க வேண்டும். விதை மிதந்து பரவும், ஆகவே பழத்தை விழ முன் பொறுக்குங்கள்.
நீர் நின்றதும் சம்புப் புல் படையெடுக்கும். தண்ணீருக்கு அரையடி கீழே வெட்டுங்கள். மேலே நிற்கும் தண்டு, காய்ந்ததுகூட, வேருக்குக் காற்றுக் குழாய். அது மூழ்கினால் கிழங்கு அழுகும். நடுவது வீண்செலவு, பழைய விதைகள் மண்ணுக்குள் கிடக்கும்.

வயல்கரை: நன்றி. டெங்கு என்று அயலவர்கள் எதிர்க்கிறார்கள், என்ன சொல்வது?

நீர்க்காகம்: டெங்கு நுளம்பு முட்டையிடுவது டயர், பூச்சாடி, பீலிகளில்; சதுப்பில் அல்ல. ஆனால் சல்வீனியா வேரில் ஒட்டி வளரும் மன்சோனியா நுளம்பு யானைக்கால் பரப்பக்கூடியது, அதை மறைக்காமல் சொல்லுங்கள். சல்வீனியாவை மாதம் ஒருமுறை வாரி, மழைநீர் திரும்ப அடித்து வராத மேட்டில் குவியுங்கள்.