மறு: குதிரைகளோடு செய்யும் உளச்சிகிச்சைக்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஈக்வைன் அசிஸ்டெட் சைக்கோதெரபி என்பதற்குக் 'குதிரை மருத்துவம்' போதும் என்று முன்மடலில் ஒருவர் எழுதியிருந்தார். சொல் சுருக்கமாக அமைய வேண்டும் என்ற விருப்பம் எனக்கும் உண்டு. ஆனால் இந்தச் சொல் பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது. மருத்துவம், வைத்தியம் என்பவற்றுக்கு முன்னால் உயிருள்ள ஒன்றின் பெயர் வந்தால், தமிழில் பெரும்பாலும் அதுவே நோயாளி: குழந்தை மருத்துவம், கால்நடை மருத்துவம், மாட்டு வைத்தியம். பாட்டி வைத்தியம் போன்றவை அரிதான விலக்குகள். ஆகவே 'குதிரை மருத்துவம்' என்றால் குதிரைக்குச் செய்யும் வைத்தியம் என்றே எவரும் கொள்வர். 'பரிச்சிகிச்சை' என்ற இன்னொரு பரிந்துரை காதுக்கு இனிமையாக இருந்தாலும், பரிசோதனை, பரிகாரம் ஆகிய சொற்களின் சாயலில் குதிரையே மறைந்துபோகிறது.

சொல்லைத் தேடுமுன் செயலைப் பார்ப்போம். 1999இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இச்சிகிச்சைக்கெனத் தொடங்கப்பட்ட ஈகாலா என்ற அமைப்பின் முறையில், சிகிச்சைக்கு வந்தவர் குதிரைமேல் ஏறுவதே இல்லை. உளச்சிகிச்சையாளர் ஒருவரும் குதிரைகளின் இயல்பறிந்த வல்லுநர் ஒருவரும் உடனிருக்க, வந்தவர் தரையில் நின்றபடியே குதிரையோடு பழகுகிறார். யாரோடும் பேச மறுக்கும் ஒரு சிறுமி, தலைக்கயிற்றைக் கையில் இறுகப் பற்றிக்கொண்டு குதிரையை நோக்கி விறுவிறுவென்று நடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். குதிரை தலையை உயர்த்தி, காதுகளை அவள் பக்கமே விறைப்பாக வைத்து, இரண்டடி விலகிவிடக்கூடும். அவள் நின்று, மூச்சை விட்டு, தோள்களைத் தளர்த்தி, பக்கவாட்டில் மெல்ல நெருங்கும்போது அதே குதிரை கழுத்தைத் தாழ்த்தி அவள் கையை முகர வரலாம். வேட்டையாடப்படும் விலங்காக வாழ்ந்துவந்த இனம் அது. அருகில் வருபவரின் உடலிறுக்கத்தைக் கவனிப்பது அதற்கு உயிர்காக்கும் பழக்கம். அந்த விலகலையும் நெருங்கலையும் பற்றித்தான் சிகிச்சையாளர் பிறகு அவளோடு பேசத் தொடங்குகிறார். இங்கே குதிரை மருந்துமில்லை, கருவியுமில்லை. தன் விருப்பப்படி நடந்துகொள்ளும் ஓர் உயிர்.

இதனால்தான் 'குதிரைவழி' என்பதைவிடக் 'குதிரைத்துணை' என்பதையே நான் விரும்புகிறேன். 'முருகன் துணை' என்று கடிதத்தின் தலைப்பில் எழுதிப் பழகிய நமக்கு, துணைக்கு முன் நிற்பவரே துணை செய்பவர் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழில் கவுன்சலிங் என்பதற்கு 'உளவளத்துணை' என்ற சொல் வேரூன்றியிருப்பதால், துணை என்பது உளநலத் துறைக்கும் அந்நியமன்று.

சொல்லின் பின்பாதியில், உளச்சிகிச்சை என்பதற்குப் பதிலாக 'உள ஆற்றுகை' என்று வைக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். ஆற்றுதல் என்ற வினையின் கனிவு எனக்கும் பிடிக்கும். ஆனால் ஈழத்தில் நாடகம் மேடையேறுவதை ஆற்றுகை என்பதால் அங்குள்ள வாசகர் குழம்புவர். உளமருத்துவம் என்றாலோ மருந்தெழுதும் சைக்கியாட்ரி நினைவுக்கு வரும். 'சிகிச்சை' வடசொல் என்ற மறுப்பை மதிக்கிறேன். இருந்தும் நோயுற்ற பிள்ளையின் தாய்க்கு உடனே விளங்கும் சொல் அதுதான். ஆகவே என் பரிந்துரை: குதிரைத்துணை உளச்சிகிச்சை.

இதற்கு அண்டையில் உள்ள வேறு இரண்டு முறைகளையும் தனித்தனிச் சொற்களால் பிரிக்காவிட்டால் பெற்றோர் தவறான இடத்திற்குப் போய் நிற்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. ஹிப்போதெரபியில் இயன்முறை மருத்துவர் போன்றோர் பயன்படுத்துவது குதிரை நடக்கும்போது எழும் அசைவை. அந்த அசைவு, மனிதர் நடக்கையில் இடுப்பு அசைவதைப் போன்றே சவாரி செய்பவரின் இடுப்பை அசைக்கிறது. அதைக் 'குதிரைநடைச் சிகிச்சை' எனலாம். மற்றது, உடற்குறை உள்ளோர் சவாரி கற்று நலம்பெறுவது. இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்திருந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், பிறர் தூக்கி ஏற்றிவிடும் நிலையிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். அதன்பின் இப்பயிற்சிக்கு உலகெங்கும் ஊக்கம் பிறந்தது. இதற்கு 'நலச்சவாரி' பொருந்தும்.

இன்னும் ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. சிகிச்சையாளருக்குப் பக்கத்தில் நின்று குதிரையின் காதையும் வாலையும் படிக்கும் அந்த மற்றவரை என்னவென்று அழைப்பது? 'குதிரை வல்லுநர்' என்பது பந்தயத் திடலை நினைவூட்டுகிறது. 'பாகன்' என்றால் யானைதான் முதலில் வருகிறது. லாயத்தில் வேலை செய்பவர்கள் வழங்கும் சொல் எதுவும் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.