ஆர்டிகுலேட்டட் டம்பருக்குக் கடன் எடுக்கலாமா, டிப்பரே போதுமா?

கரூர்_கல்குவாரி:
வணக்கம். கருங்கல் குவாரியில் வெடி வைத்த கல்லைக் கிரஷருக்கு அடிக்கும் வேலை ஒன்று, கண்மாய் ஓரத் தாழ்நிலத்தில் மண் நிரப்பும் வேலை ஒன்று. இரண்டாவதற்கு ஒர்க் ஆர்டர் 24 மாதம். மழையில் டிப்பர் சேற்றில் இறங்கி நின்றுவிடுகிறது என்பதால், 28 டன் தூக்கும் ஆர்டிகுலேட்டட் டம்பர் (நடுவில் மடங்கும், ஆறு சக்கரமும் இழுக்கும் வண்டி) இரண்டு எடுக்கலாமா என்று யோசனை. வேண்டாம் என்றால் 10 சக்கர டிப்பர் நான்கு.

டிப்பருக்கு ஒரு ஃபைனான்ஸில் வண்டிக்கு 45 லட்சம், 48 மாதம், 6.5 சதவீத ஃபிளாட் வட்டி, இரண்டு டியூ முன்கூட்டியே பிடிப்போம் என்கிறார்கள். வங்கி 11 சதவீதம் சொல்லி இடத்துப் பத்திரம் கேட்கிறது. டம்பருக்குக் கடன் தர இருவருமே தயங்கி இழுக்கிறார்கள். அதற்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) கிடையாது என்றால் கடன் எதன் மேல் கொடுப்பார்கள்?

வட்டிக்கணக்கு:
6.5க்கும் 11க்கும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஃபிளாட்டில் வட்டி 45 லட்சம் முழுவதற்கும் நான்கு வருடம் ஓடும்: 11.70 லட்சம். மொத்தம் 56.70 லட்சத்தை 48ஆல் வகுத்தால் டியூ 1,18,125. இதையே குறையும் அசல் கணக்கில் பார்த்தால் சுமார் 11.8 சதவீதம். இரண்டு டியூவை முதலிலேயே பிடித்தால் உங்கள் கைக்கு வருவது 42.64 லட்சம்தான், ஆனால் வட்டி 45க்கு. அப்போது நிஜ வட்டி 13 சதவீதத்தைத் தொடும். பிராசஸிங் கட்டணமும் அவர்களே தலையில் கட்டும் இன்சூரன்ஸும் இதற்கு மேல்.

வாய்ப்பேச்சில் நம்பாமல் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சிறு, குறு தொழில் டேர்ம் லோனுக்கும் அது கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருந்தாக வேண்டும். தர மறுக்கிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் 24 மாத ஒர்க் ஆர்டர். அந்த 48 மாதக் கடனில் 24ஆவது டியூ கட்டி முடித்த அன்றைக்கும் சுமார் 25 லட்சம் அசல் நிற்கும். டிப்பர் என்றால் நாமக்கல், சங்ககிரி பக்கம் விற்று அடைத்துவிடலாம். ஆர்டிகுலேட்டட் டம்பரை அப்படி ஒரு வாரத்தில் விற்க இங்கே சந்தை இல்லை. கடன் கொடுப்பவர் இழுப்பதும் இதற்காகத்தான். உங்கள் சிபில் (கடன் மதிப்பெண்) மேல் சந்தேகம் இல்லை, சீஸ் பண்ணினால் யாருக்கு விற்பது என்ற பயம்.

முன்கூட்டி அடைத்தால் கட்டணம் எவ்வளவு என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள். 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும் கடன்களுக்கு வந்த ரிசர்வ் வங்கிச் சலுகை மாறும் வட்டிக் கடனுக்குத்தான். வண்டிக் கடன் பெரும்பாலும் நிலையான வட்டி, அதனால் அந்தச் சலுகையை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

மண்வேலை_சேலம்:
கடனுக்கு முன்னால் மெஷின் கணக்கைப் பாருங்கள். குவாரிப் பக்கம் தரை கெட்டி, ராம்ப் ஒழுங்காக இருந்தால் அங்கே டிப்பர்தான் சரி. ஆறு சக்கரமும் இழுக்கிற, நடுவில் மடங்குகிற வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது சேற்றுக்கும் மேடுபள்ளத்துக்கும். கெட்டிப் பாறைத் தளத்தில் அந்தப் பணம் சும்மா நிற்கும். பெரிய பாறையை உயரத்திலிருந்து போட்டால் தொட்டித் தகடு தேயும், அடித்தகடு தனியாகப் போட வேண்டும்.

உங்களிடம் இருப்பது 20 டன் ஹிட்டாச்சி, ஒரு கன மீட்டர் பக்கெட் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பக்கெட் கல் சுமார் 1.6 டன். 17 டன் டிப்பரை நிரப்ப 10, 11 பக்கெட், நாலு நிமிடத்துக்குள் முடியும். 28 டன்னுக்கு 17, 18 பக்கெட், ஆறு நிமிடம். டம்பர் காத்து நிற்கும். அதைச் சரிசெய்ய 30 டன்னுக்கு மேற்பட்ட மெஷின் வேண்டும், அதற்கு ஒரு கடன். கொட்டேஷனில் இது யார் கண்ணிலும் படாது.

மழைக் கணக்கும் போடுங்கள். டிப்பர் மணிக்கு நாலு நடை, மணியில் 50 நிமிட வேலை என்றால் மணிக்கு 56 டன் சொச்சம். மாதம் 250 மணி ஓடினால் 1,18,125 ரூபாய் டியூ டன்னுக்குச் சுமார் 8 ரூபாய் 35 பைசா. ஐப்பசி, கார்த்திகையில் 100 மணிதான் ஓடுகிறது என்றால் அதே டியூ டன்னுக்கு 21 ரூபாய். டம்பர் தன் விலையைத் திருப்பித் தருவது இந்த மழை மாதங்களில் மட்டும்தான். வருடத்தில் மூன்று மாதச் சேற்றுக்காகச் சொந்தமாக வாங்குவதா? என் கருத்து: மண்வேலைக்கு டம்பரை ஆபரேட்டரோடு மணி வாடகைக்கு எடுங்கள், குவாரிக்கு டிப்பர் வாங்குங்கள். வாங்கியே தீருவேன் என்றால் டீலரிடம் திரும்ப வாங்கும் விலையை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் இருந்தால் கடன் கொடுப்பவரும் இறங்கி வருவார்.

டியூவையும் சமமாக வைக்க வேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாதி, மீதி ஒன்பது மாதம் கூடுதலாக என்று அட்டவணை போட்டுத் தருவார்கள். ஒப்பந்தத்துக்கு முன் கேட்டால் மட்டும்.

கரூர்_கல்குவாரி:
நன்றி. ஹிட்டாச்சி 20 டன்தான், சரியாகச் சொன்னீர்கள். மணி வாடகை விசாரிக்கிறேன். ஆர்.சி. விஷயமும் இன்சூரன்ஸும் யாராவது விளக்க முடியுமா?

பேப்பர்_வேலை:
சாலையில் ஓட ஒரு சரக்கு வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்த டம்பர்கள் சுமார் மூன்று மீட்டர், அதனால் சாதாரண சரக்கு வண்டியாகப் பதிய முடியாது. இடம் மாற்ற லோ-பெட் டிரெய்லர் (தாழ்தளப் பெரிய டிரெய்லர்), அகலச் சுமை அனுமதி வேண்டும். அந்தச் செலவை வேலை ரேட்டில் சேருங்கள். வேலிக்குள்ளேயே ஓடுகிற டம்பருக்குச் சாலை வரி உண்டா என்பதில் உச்ச நீதிமன்றமே 1974 பொலானி ஓர்ஸ் வழக்கில் ஒரு மாதிரியும் 1992 சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் வேறு மாதிரியும் சொன்னது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

டிப்பர் என்றால் படிவம் 34 போட்டு ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு) ஏறும், அதை நீக்கக் கடன் முடிந்ததும் படிவம் 35. ஆர்.சி. இல்லாத மெஷினுக்கு இன்வாய்ஸில் இருக்கும் சேஸிஸ், எஞ்சின் எண்ணை வைத்து ஹைப்பாத்திகேஷன் (மெஷின் உங்களிடமே இருக்க, கடனுக்கு ஈடு வைக்கும்) பத்திரம், செர்சாய் என்ற மத்திய ஈட்டுப் பதிவேட்டில் பதிவு. நீங்கள் கம்பெனி என்றால் 30 நாளுக்குள் அந்த ஈட்டைக் கம்பெனிப் பதிவாளரிடம் பதியும் சி.ஹெச்.ஜி.-1 படிவமும். எண்ணில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் பிறகு என்.ஓ.சி. (கடன் தீர்ந்தது என்ற தடையில்லாச் சான்று) வாங்கவே அலைய வேண்டும். டெலிவரி அன்று தகட்டை நேரில் பார்த்துச் சரிபாருங்கள்.

குவாரி வேலைக்குக் கடன் கொடுப்பவர் கேட்பது: குத்தகை ஆணை, சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, குத்தகைதாரர் உங்களுக்குக் கொடுத்த ஒர்க் ஆர்டர், ஓராண்டு வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். குத்தகை முடியும் தேதிக்குப் பிறகும் டியூ நீண்டால் அங்கேயே ஃபைல் நிற்கும். உத்யம் (சிறு, குறு தொழில்) பதிவு எடுத்துவிடுங்கள். அது இருந்தால், பத்திரம் இல்லாமல் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற சிறு, குறு தொழில் கடன் உத்தரவாதத்தில் கொடுங்கள் என்று வங்கியில் கேட்கலாம்; 2025 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 10 கோடி.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: இந்த வண்டி வேறு கடன்களுக்கும் ஈடு என்ற வரி. அது இருந்தால் ஒரு டிப்பரின் கடனை முழுதாக முடித்தாலும் மற்ற மூன்றும் முடியும்வரை என்.ஓ.சி. வராது. நான்கு வண்டி எடுப்பவர் இதில்தான் மாட்டுகிறார்.

இன்சூரன்ஸ்: டிப்பருக்கு மோட்டார் பாலிசி, அதில் ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேருங்கள். இல்லையென்றால் டயர், மட்கார்டு, விளக்கு தனியாக உடைந்தால் கிடைக்காது. தொட்டியைத் தூக்கிக் கொட்டும்போது கவிழ்ந்தால் கிளெய்ம் உண்டா என்றும் கேளுங்கள்; குவாரியில் பெரும்பாலும் அப்படித்தான் கவிழ்கிறது. பதியாத டம்பருக்கு கான்ட்ராக்டர்ஸ் பிளான்ட் அண்ட் மெஷினரி பாலிசி, அதாவது ஒப்பந்ததாரர் இயந்திரங்களுக்கான பாலிசி.

வட்டிக்கணக்கு:
விட்டுப்போனது ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் டிப்பர், டம்பர் இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதம். 45 லட்சம் அடிப்படை விலை என்றால் இன்வாய்ஸ் 53.10. நீங்கள் 18 சதவீதத்தில் பில் போடுபவர் என்றால் அந்த 8.10 லட்சம் உள்ளீட்டு வரியாகத் திரும்பும், ஆனால் தேய்மானம் 45க்கு மட்டும். லாரி ரசீது போட்டு, வரியை எதிர்த்தரப்பே கட்டும் 5 சதவீத முறையில் இருந்தால் அந்த 8.10 போனதுதான். வண்டி புக் செய்யும் முன் எந்த முறையில் பில் போடுவது என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். டியூ, பணம் டீலருக்குப் போன நாளிலிருந்தா, தொட்டி கட்டி வண்டி கைக்கு வந்த நாளிலிருந்தா என்பதையும் அதே வாரத்தில் எழுத்தில் வாங்குங்கள்.