புதுப்பிப்பு: இருளர் மொழித் தட்டச்சு, அந்த வட்டம் ஒழிந்தது

போன மாதம் புலம்பியிருந்தேன்: கோத்தகிரியில் இருளர் பாட்டி ஒருவர் சொல்லும் கதைகளைத் தமிழ் எழுத்தில் தட்டினால், நடுவே புள்ளிகளால் ஆன வட்டம் வந்து நிற்கிறது என்று. பாட்டி அதை "வண்டிச் சக்கரம்" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இருள மொழியில் நாக்கு வாயின் நடுவே நின்று ஒலிக்கும் உயிரெழுத்து ஒலிகள் உண்டு. தமிழில் அவற்றுக்கு எழுத்து இல்லை. அதனால் எழுத்துக்குக் கீழே இரட்டைப் புள்ளி போடுகிறோம் (இது எங்கள் ஏற்பாடுதான், பொது விதி அல்ல). யூனிக்கோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுக் குறியீடு) அதற்கு U+0324 என்ற ஒட்டுக்குறி, அதாவது முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் குறி, இருக்கிறது.

தப்பு வரிசையில். நான் மெய், இந்த இரட்டைப் புள்ளி, கொம்பு (ெ) என்று அடித்தேன். புள்ளி குறுக்கே வந்ததும் கொம்பு அநாதையாகி, வட்டத்தில் ஏறிக்கொள்கிறது. கொம்பை முதலில் போட்டு, புள்ளியைக் கடைசியில் வைத்தால் சரி. இதைச் சொன்ன நண்பருக்கு ஒரு கிளாஸ் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் கடன்.

ஆனால் தட்டுபவர் வரிசையை நினைவில் வைக்கணுமா? கீமேனில் (நாமே விசைப்பலகை செய்துகொள்ள உதவும் கட்டற்ற மென்பொருள்) தமிழ்99 என்ற தட்டச்சு முறையின் அடிப்படையில் ஒரு விசைப்பலகை செய்து, "புள்ளிக்குப் பிறகு உயிர்க்குறி வந்தால் இடம் மாற்று" என்று விதி எழுதினேன். இப்போது எப்படி அடித்தாலும் புள்ளி கடைசிக்குப் போய்விடுகிறது. அதே தொகுப்பு லினக்ஸிலும் ஓடுகிறது.

எழுத்துரு இன்னும் இம்சை. சிலவற்றில் புள்ளி பக்கத்து எழுத்துக்கு அடியில் போய் உட்காருகிறது. போனுக்கும் தனியாகப் பலகை வரையணும்.

நேற்று அச்சிட்ட தாளைப் பேத்தி வாசிக்க, பாட்டி ஒரே இடத்தில்தான் திருத்தினார். அங்கே புள்ளியை நான்தான் விட்டிருந்தேன்.