பர்கண்டியில் சைக்கிள் பயணம்: வழியைத் தேர்ந்தெடுக்க உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். வரும் செப்டம்பரில் நானும் என் மனைவியும் பிரான்சின் பர்கண்டிப் பகுதியை ஆறு நாள் சைக்கிளில் சுற்றிவர எண்ணியுள்ளோம். சென்ற ஆண்டு ஒரு லாரி உரசுவதுபோல் கடந்து சென்றதில் அவருக்கு ஏற்பட்ட அச்சம் இன்னும் தீராததால், வண்டி நடமாட்டம் இல்லாத பாதைகளையே தேடுகிறோம்.

போன் நகரிலிருந்து (தொலைபேசி அன்று, ஊரின் பெயரே அதுதான்) பொமார், வோல்னே, மெர்சோ ஊர்களின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சாந்தனே சென்று, அங்கிருந்து சாந்த்ர் கால்வாய்க் கரையோடு ஷாலோனை அடைந்து, பிறகு ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே பழைய ரயில் தடத்தின்மீது 1997-இல் திறக்கப்பட்ட பசுமைப் பாதையில் தெற்கே இறங்குவது எங்கள் திட்டம். செப்டம்பர் அறுவடைக் காலம் என்பதால், தோட்டத்துப் பாதைகளில் டிராக்டர்கள் அடிக்கடி குறுக்கிடுமா? பின்சுமையுடன் ஏறுவதற்கு அந்த மேடுகள் கடினமானவையா?

இன்னொரு வழியாக, 242 கிலோமீட்டர் நீளமும் 189 நீர்ப்பூட்டுகளும் (நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) கொண்ட பர்கண்டிக் கால்வாயின் ஒரு பகுதியையும் யோசித்தோம். ஆனால், புயி-ஆன்-ஒக்ஸுவாவில் கால்வாய் மூன்று கிலோமீட்டருக்கு மேல் சுரங்கத்துக்குள் செல்வதால் சைக்கிள்காரர்கள் மேட்டின்மேல் ஏறித்தான் கடக்க வேண்டும். அந்த மேட்டுப் பாதையில் கார்கள் மிகுதியா என்பதை, அவ்வழியே சென்றவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.